லாரி எஞ்சினைப் படகில் இறக்குவதற்கு முன்

கேள்வி: எங்களுடையது 14 மீட்டர் மர விசைப்படகு. இழுவை மடிதான் (படகுக்குப் பின்னால் இழுத்துப்போகும் வலை) தொழில். இருக்கும் லேலண்ட் ஆறு சிலிண்டர் எஞ்சின் (110 எச்.பி., நிமிடத்துக்கு 2000 சுற்று) பிரீதரில் (எஞ்சினின் மூச்சுக்குழாயில்) புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை சிலிண்டரைக் கடைந்து போர் போட்டாகிவிட்டது. வரும் மீன்பிடித் தடைக்காலத்தில் மாற்றிவிட நினைக்கிறோம். லாரியிலிருந்து கழற்றிய 5.9 லிட்டர் டாடா கம்மின்ஸ் டர்போ எஞ்சின், 180 எச்.பி., மலிவாக வருகிறது. இருக்கிற 3:1 கியரையும் புரொப்பல்லரையும் அப்படியே வைத்துக்கொண்டு இதை இறக்கிவிடலாம், படகு பறக்கும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? வேறு லாரி எஞ்சின் ஏதாவது பார்க்கலாமா? — நாகப்பட்டினம் வாசகர்.

பதில்: லாரி எஞ்சின் கடலுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். இப்போது உங்கள் படகில் ஓடுவதே லாரிக்கும் பஸ்ஸுக்கும் பிறந்த எஞ்சின்தான். பெர்கின்ஸ் 6.354, ஃபோர்டு 2700 வரிசை, மெர்சிடிஸ் ஓ.எம். 352 எல்லாமே சாலை வண்டிக்கும் டிராக்டருக்கும் பண்ணைக் கருவிக்கும் ஓடியவை. அவற்றுக்குக் கடல்நீர் பம்பும் கூலரும் கியரும் மாட்டி பல நாடுகளில் மீன்பிடிப் படகுகளில் ஓட்டியிருக்கிறார்கள். நீங்கள் கேட்கும் 5.9 லிட்டர் எஞ்சினுக்கும் கம்பெனியே மெரைன் வடிவம் போட்டது. உல்லாசப் படகுகளுக்காக அதே பிளாக்கில் 370 எச்.பி. வரை எடுத்தார்கள். ஆக, பிளாக் நல்ல பிளாக். ஆனால் உங்களுக்கு மலிவாக வருவது அந்த பிளாக் மட்டும்தான். படகு எஞ்சினாக அதை மாற்றும் சாமான்கள் அந்த விலைக்குள் இல்லை. மெக்கானிக் சொல்லாமல் விட்ட கணக்கு இதுதான்.

முதலில் எச்.பி. 14 மீட்டர் படகுக்குத் தண்ணீர்க்கோட்டு நீளம் சுமார் 12.5 மீட்டர், அதாவது 41 அடி என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட கனத்த உடம்புப் படகு தண்ணீரைப் பிளந்து போகுமே தவிர, மேலே ஏறிச் சறுக்காது. அதன் இயல்பான உச்ச வேகம் 41-இன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் கிடைக்கும்: 8.6 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). ஐஸ், டீசல், மடி எல்லாம் ஏற்றி 25 டன் என்றால், அந்த வேகத்துக்குத் தேவை ஏறக்குறைய 110 எச்.பி. 7.7 நாட்டில் போனால் 80 போதும். 9.6 நாட் வேண்டுமென்றால் 150 தாண்டும். கடைசி ஒரு நாட்டுக்கு மட்டும் 40 எச்.பி.க்கு மேல் விழுங்குகிறது. டீசல் எஞ்சின் ஒரு எச்.பி.க்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர் எரிக்கும். 20 கடல்மைல் போய்ச்சேர 8.6 நாட்டில் 51 லிட்டரும் 9.6 நாட்டில் 64 லிட்டரும் ஆகும். மிச்சமாவது கால் மணி நேரம். படகு பறக்காது, அமரம் (படகின் பின்புறம்) அழுந்தி, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

எனவே உங்களுக்கு வேண்டியது 110 எச்.பி.யை நாள் முழுக்கக் கொடுக்கும் எஞ்சின். அந்த 'நாள் முழுக்க' என்பதில்தான் லாரிக்கும் படகுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. லாரி 180 எச்.பி.யை மேட்டில் ஏறும்போதும் முந்தும்போதும் சில நிமிடம் காட்டும். மற்ற நேரத்தில் அதில் பாதிகூட கேட்காது, இறக்கத்தில் ஒன்றுமே கேட்காது. படகுக்கு இறக்கம் கிடையாது. மடியை இறக்கினால் நான்கு மணி நேரம் ஒரே சுற்றில், ஒரே பாரத்தில் ஓடும். அதனால் லாரி பிளேட்டில் உள்ள எச்.பி.யில் 60 முதல் 65 சதவீதத்தைத்தான் தொடர்ந்து எடுக்கக்கூடிய சக்தியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். 180-க்கு அது 108 முதல் 117 வரை வருகிறது. அளவில் நீங்கள் கேட்கும் எஞ்சின் சரியாகத்தான் பொருந்துகிறது. அதிகமாக ஒன்றும் இல்லை.

அந்த 180-ஐயும் கொஞ்சம் கிள்ளிப் பார்க்க வேண்டும். எஞ்சின் பிளேட்டில் 6பி.டி. என்று இருக்கிறதா, 6பி.டி.ஏ. என்றா, 6பி.டி.ஏ.ஏ. என்றா என்று பாருங்கள். முதலாவது வெறும் டர்போ. இரண்டாவதில் டர்போ காற்றைக் கூலன்ட் தண்ணீரால் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலர் இருக்கும். மூன்றாவதில் லாரியின் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் காற்று இன்டர்கூலர். 180 எச்.பி. என்றால் பெரும்பாலும் மூன்றாவது வகைதான். படகு எஞ்சின் அறையில் அந்த இன்டர்கூலருக்கு எதிர்க்காற்று ஏது? அதைக் கழற்றிவிட்டு டர்போவிலிருந்து நேராகக் குழாய் போட்டால் 100 டிகிரிக்கு மேல் சூடான காற்று உள்ளே போகும். டீசல் அதே அளவு, காற்று குறைவு: கரும்புகை, சைலன்சர் பக்கம் உச்ச வெப்பம், ஒரு சீசனில் பிஸ்டன் தலை உருகும். ஒன்று, கடல்நீர் ஓடும் ஆஃப்டர்கூலர் போட வேண்டும். இல்லையென்றால் டீசல் பம்பை இறக்கி 150 எச்.பி., 2400 சுற்று என்று பெஞ்சில் வைத்துக் கேலிபிரேட் செய்ய வேண்டும். உங்கள் வேலைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கடல்நீரும் அலுமினியமும் சந்திக்கும் இடம் ஒன்று குறைந்தால் கவலையும் ஒன்று குறையும்.

இப்போது கியரும் புரொப்பல்லரும். மெக்கானிக் சொல்வதில் ஆபத்தான பகுதி இதுதான். புரொப்பல்லர் கேட்கும் சக்தி சுற்றின் மும்மடிப்படி ஏறும். இன்று உங்கள் எஞ்சின் 2000 சுற்றில், 3:1 கியரில், ஷாஃப்ட்டை 667 சுற்று சுற்றி 110 எச்.பி. கொடுக்கிறது. அதே கியரில் புதிய எஞ்சின் 2500-ஐத் தொட்டால் ஷாஃப்ட் 833 சுற்ற வேண்டும். அப்போது அதே புரொப்பல்லர் 215 எச்.பி. கேட்கும். எஞ்சினிடம் இல்லை. 180 எச்.பி. பம்ப் செட்டிங் என்றால் 2350-லும், 150 என்றால் 2220-லும் திணறி நின்றுவிடும். திராட்டிலை முழுக்கத் திறந்தும் கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் சாதனம்) எல்லையைத் தொடாத எஞ்சின் பார வண்டியை டாப் கியரிலேயே மேடேற்றுகிற மாதிரி, எரியாத டீசலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதுவும் இது மடி இல்லாமல் ஓடும் கணக்கு. மடியை இறக்கி 2.5, 3 நாட்டில் இழுக்கும்போது அதே சுற்றுக்குப் புரொப்பல்லர் இன்னும் கனமாகும்; சுற்று மேலும் விழும்.

வழி, கியர் விகிதத்தை மாற்றுவது. 150 எச்.பி., 2400 சுற்று செட்டிங்குக்கு 3.5:1 கியர் போட்டால் உங்கள் பழைய புரொப்பல்லரையே வைத்துக்கொள்ளலாம். வெறும் ஓட்டத்தில் 2400-இல் ஷாஃப்ட் 686 சுற்றும், 120 எச்.பி. எடுக்கும்; மீதி 30 எச்.பி. மடி இழுக்கும்போது வரும் கூடுதல் பாரத்துக்கு இருப்பு. துறைமுகத்திலிருந்து தொழிலிடத்துக்குப் போகும்போது 2100-இல் வைத்தால் ஷாஃப்ட் 600, சக்தி 80, வேகம் 7.7 நாட், மணிக்கு 16 லிட்டர். எஞ்சினும் நிம்மதியாக இருக்கும். 3.5-க்குப் பதில் 3.25 கிடைத்தால் வெறும் ஓட்டத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும், ஆனால் இழுவையில் மூச்சு வாங்கும். இழுவைத் தொழிலுக்கு எப்போதும் மடி பாரத்தில் பொருந்துகிற விகிதத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா ஓடும்போது கொஞ்சம் லேசாக இருந்தால் நஷ்டமில்லை.

கியரையே மாற்ற முடியாது, பழைய 3:1-தான் என்றால் புரொப்பல்லர் பிட்ச்சை (ஒரு சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய தூரத்தை) குறைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் அந்தக் கியர் இந்த எஞ்சினைத் தாங்குமா என்று பாருங்கள். பழைய எஞ்சின் கியருக்குள் கொடுத்த முறுக்கு 39 கிலோகிராம்-மீட்டர். 180 எச்.பி. 2500-இல் அது 51. டர்போ எஞ்சின் என்பதால் 1500 சுற்றுப் பக்கம் இன்னும் கூடும். கியர் பிளேட்டில் அல்லது அதன் புத்தகத்தில் ஒரு சுற்றுக்கு இத்தனை கிலோவாட் என்று தாங்குதிறன் போட்டிருப்பார்கள். 150 எச்.பி. என்பது 110 கிலோவாட். 2400-ஆல் வகுத்தால் 0.046. இழுவைப் படகுக்கு இதைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகத் தாங்கும் கியர் வேண்டும், அதாவது 0.06-க்குக் குறையாமல். ஒரே மாடல் கியரில் விகிதம் ஏற ஏற இந்த எண் இறங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: 2:1-க்குப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு 3.5:1-ஐ வாங்கிவிடுகிறார்கள், கிளட்ச் தட்டு எரிந்த பிறகு கடைக்காரரோடு சண்டை. ஷாஃப்ட்டும் அப்படித்தான்: சுற்று குறைந்து சக்தி கூடினால் முறுக்கு கூடும். பழைய ஷாஃப்ட்டில் ஸ்டெர்ன் டியூப் (ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் குழாய்) புஷ் உட்காரும் இடத்திலும் சாவிக்காடி முனையிலும் தேய்மானம், முடிவெடிப்பு இருக்கிறதா என்று கரையேற்றியதும் உருவிப் பாருங்கள்.

லாரி கியர் பாக்ஸையே ரிவர்ஸோடு சேர்த்து மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். புரொப்பல்லர் படகைத் தள்ளும் விசை முழுவதையும் கியர் பாக்ஸிலுள்ள திரஸ்ட் பேரிங்தான் வாங்க வேண்டும். லாரி கியரில் அதற்கு இடமே இல்லை.

கவர்னர் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கேட்காமலேயே லாரி எஞ்சினை இறக்கிவிட்டுப் பிறகு அவதிப்படுகிறவர்கள் அதிகம். லாரியின் இன்லைன் பம்பில் பல நேரம் இருப்பது இரட்டை நிலைக் கவர்னர்: ஐட்லிங்கையும் உச்ச சுற்றையும் மட்டும்தான் பிடிக்கும், நடுவில் எல்லாம் டிரைவரின் கால்தான் கவர்னர். படகில் கால் இல்லை. லீவரை ஓரிடத்தில் வைத்துவிட்டு டிரைவர் சுக்கானைப் பார்க்கிறார். அலையில் அமரம் தூக்கிப் புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் எஞ்சின் 'வீல்' என்று ரேஸ் ஆகும், திரும்ப விழுந்ததும் சுற்று சரியும். ஒரு நாளில் நூறு தடவை இப்படி நடந்தால் கியர் கப்ளிங்கும் கனெக்டிங் ராடும் என்ன ஆகும்? படகுக்கு வேண்டியது எல்லாச் சுற்றையும் பிடிக்கும் கவர்னர். பம்பின் பின்பக்கப் பிளேட்டைத் துடைத்துப் பாருங்கள்: மைக்கோ பாஷ் பம்பில் ஆர்.கியூ. என்று மட்டும் இருந்தால் அது லாரிக்கானது, ஆர்.எஸ்.வி. அல்லது ஆர்.கியூ.வி. என்றிருந்தால் படகுக்கு ஆகும். ஜெனரேட்டர், டிராக்டர் எஞ்சின்களில் ஆர்.எஸ்.வி. பரவலாக இருப்பதால் பம்ப் பட்டறையில் கவர்னரை மாற்றித் தருவார்கள். பம்பை வண்டியில் இருந்த செட்டிங்கோடு மாட்டவே கூடாது.

பம்ப் வகையும் முக்கியம். இதே எஞ்சின் வரிசையில் வி.இ. வகை ரோட்டரி பம்ப் வைத்தவையும் உண்டு. ரோட்டரி பம்புக்கு டீசல்தான் மசகு. டாங்கியில் தண்ணீர் கலந்தால் முதலில் சாவது அது. இன்லைன் பம்பின் கேம் பக்கம் எஞ்சின் ஆயிலில் ஓடும், கொஞ்சம் பொறுக்கும். இரண்டும் கிடைத்தால் இன்லைனையே எடுங்கள். எதுவானாலும் டாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், கீழே கண்ணாடிக் கிண்ணத்தோடு.

குளிர்ச்சி முறைக்கு ஒரே விதி: கடல்நீர் பிளாக்குக்குள் போகக் கூடாது. நேரடியாக உப்புநீர் ஓட்டினால் சுமார் 55 டிகிரிக்கு மேல் உப்பு படியத் தொடங்கும், அதற்குக் கீழே வைத்தால் சிலிண்டர் எப்போதும் குளிர்ந்தே ஓடி தேயும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கூலன்ட்டின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் கூலர்) அல்லது ஏராவுக்கு (படகின் அடிக்கட்டைக்கு) பக்கத்தில் ஓடும் கீல் கூலர்தான் வழி. டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஷாஃப்ட்டுக்கும் மூன்றில் ஒன்று கூலன்ட்டுக்கும் போகும் என்று கொண்டால், 110 எச்.பி. ஓட்டத்தில் கூலன்ட்டிலிருந்து 80 கிலோவாட் வெப்பத்தைக் கடலுக்குத் தள்ள வேண்டும். நம் கடல்நீர் மே மாதத்தில் 30 டிகிரியைத் தொடும். அது 10 டிகிரி மட்டும் ஏறி வெளியேற வேண்டுமானால் நிமிடத்துக்கு 120 லிட்டர் ஓட வேண்டும். சோதிப்பது எளிது: மடி இழுக்கும் சுற்றில் எஞ்சினை வைத்து, வெளியேறும் குழாயில் 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 10 விநாடியில் நிரம்பினால் 120 லிட்டர். 15 விநாடி ஆனால் 80. பம்ப் இம்பெல்லர் (ரப்பர் இதழ்ச் சக்கரம்), ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), உறிஞ்சு குழாயின் விட்டம் இந்த மூன்றில் ஏதோ ஒன்று உதைக்கிறது.

குளிர்நாட்டு எஞ்சினுக்கு அளவெடுத்த ஹீட் எக்ஸ்சேஞ்சரை விற்க வருவார்கள். 10 டிகிரி கடலுக்குப் போதுமானது 30 டிகிரி கடலுக்குப் போதாது. ஒரு அளவு பெரியதாகக் கேளுங்கள். ஆயில் கூலர், கியர் ஆயில் கூலர் இரண்டும் அதே கடல்நீர் வரிசையில், ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு முன்னால். ஜிங்க் பென்சிலை (கூலருக்குப் பதிலாக அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு) பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். முழுக்கக் கரையக் காத்திருந்தால் அடுத்து கரைவது கூலர் டியூப். முகத்துவாரத்தில் தரைதட்டி மணலைக் கிளப்பிய பிறகு இம்பெல்லர் மூடியைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். இதழ் ஒன்று காணவில்லை என்றால் புது இம்பெல்லர் மட்டும் போட்டு மூடிவிடாதீர்கள். அந்த ரப்பர்த் துண்டு கூலர் வாயில் எங்காவது அடைத்துக்கொண்டிருக்கும். எடுக்கும்வரை சூடு குறையாது.

ஹீட் ஆனால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியும் வழக்கம் நம் பட்டறைகளில் ஊறிப்போனது. இந்த எஞ்சினில் அது எதிர்வேலை செய்யும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும்; அது இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பகுதி கூலருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றும்.

எக்ஸாஸ்ட்டைப் பொறுத்தவரை லாரியின் இரும்பு மேனிஃபோல்டை மூடாமல் மரப் படகின் அறையில் வைப்பது நெருப்போடு விளையாடுவது. தண்ணீர் சுற்றும் மேனிஃபோல்டு கிடைக்காவிட்டால் செராமிக் போர்வை சுற்றி, மரத்திலிருந்து தள்ளி, அறைக்கு மேலே நேராகத் தூக்கிய, கடல்நீர் கலக்காத காய்ந்த எக்ஸாஸ்ட் போதும். 4 அங்குலத்துக்குக் குறையாத குழாய், டர்போவை விட்டதும் ஒரு பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் இணைப்பு), குழாயின் பாரம் டர்போ மேல் உட்காராதபடி தாங்கி. பின்னழுத்தம் 3 அங்குலப் பாதரசத்தைத் தாண்டக் கூடாது. கருவி இல்லாவிட்டால் ஒளி ஊடுருவும் டியூபை 'ப' எழுத்து மாதிரி வளைத்து தண்ணீர் ஊற்றி, எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு சிறு நிப்பிளோடு சேருங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டமும் 1 மீட்டருக்கு மேல் விலகினால் குழாய் சிறிது. டர்போவுக்கு முன்னால் ஒரு பைரோமீட்டரும் (எக்ஸாஸ்ட் வெப்பமானி) மாட்டிவிடுங்கள்; மடி இழுக்கும்போது தொடர்ந்து 600 டிகிரி தாண்டினால் எங்கோ பாரம் அதிகம் அல்லது காற்று குறைவு.

காற்று என்றதும் ஒன்று: டர்போ எஞ்சின் நிமிடத்துக்குப் பத்து கன மீட்டருக்கு மேல் இழுக்கும். அறைக்கு உள்ளே வரும் வழி குறைந்தது 350 சதுர சென்டிமீட்டர், சூடான காற்று வெளியேற அதே அளவில் இன்னொன்று. அலை அடிக்காத பக்கம் திறப்பு இருக்கட்டும்.

சம்ப் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) பலர் மறந்துபோகும் சாமான். லாரியில் எஞ்சின் ஏறக்குறைய சமமாக உட்காரும். படகில் கியர் பக்கம் 8, 10 டிகிரி சரிந்து உட்காரும், அதன் மேல் அணியம் (படகின் முன்புறம்) வேறு தூக்கும். சம்பின் குழி முன்பக்கம் இருந்தால் ஆயில் எல்லாம் பின்னால் ஓடி, உறிஞ்சி காற்றை இழுக்கும். குழி ஃப்ளைவீல் பக்கம் இருக்கும் சம்பும் அதற்குரிய உறிஞ்சுக் குழாயும் கிடைக்கிறதா என்று எஞ்சினுக்கு விலை பேசும்போதே கேளுங்கள். இறக்கிய பிறகு டிப்ஸ்டிக் கோட்டையும் நம்பாதீர்கள். எஞ்சின் தன் இடத்தில், தன் சாய்வில் உட்கார்ந்தபின், புத்தகம் சொல்லும் லிட்டர் கணக்கை அளந்து ஊற்றி, எங்கே நனைகிறதோ அங்கே புதுக் கோடு போட வேண்டும்.

வின்ச்சை எஞ்சின் முன்பக்கத்திலிருந்து பெல்ட்டில் ஓட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். லாரியின் முன் கிராங்க் முனை ஃபேனுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் போட்டது. அதில் நேராக வின்ச் புல்லியை மாட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் முன் மெயின் பேரிங் தேயும், கிராங்க் முனை ஒடியும். ஒரு குட்டி ஷாஃப்ட்டை இரண்டு பேரிங் பிளாக்கில் தனியாக உட்காரவைத்து, வளையும் கப்ளிங் வழியாக கிராங்கோடு சேர்த்து, புல்லியை அந்த ஷாஃப்ட்டில் மாட்டுங்கள். இடத்துக்காக முன்பக்க ரப்பர் டாம்பரைக் கழற்றிவிடுவதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். ஆறு சிலிண்டர் கிராங்கின் முறுக்கு அதிர்வை அடக்குவது அதுதான். அது இல்லாமல் கிராங்க் நடுவில் முறியும்.

எந்த எஞ்சின் என்ற கேள்விக்கு: உங்கள் நிலையில் முதல் தேர்வு இன்னொரு லேலண்ட்தான். அதே வரிசையில் நல்ல நிலையிலுள்ள எஞ்சின் கிடைத்தால், மேனிஃபோல்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், சம்ப், பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியரையும் இணைக்கும் கூடு), கியர், புரொப்பல்லர் எல்லாம் உங்களிடமே இருக்கிறது. படுக்கைக் கட்டையில் ஆணித்துளைகூட மாறாது. 8.6 நாட் ஏற்கெனவே அது கொடுக்கிறது. இரண்டாவது, 5.9 எஞ்சினை மெரைன் சாமான்களோடு வாங்குவது. மூன்றாவது, லாரி எஞ்சினை வாங்கி மேலே சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. செலவுக் கணக்கை எழுதிப் பார்த்தால் இது இரண்டாவதைவிடப் பெரிதாக மலிவாக வராது.

டாடா 697-ஐ யாராவது காட்டினால்: 97 மில்லிமீட்டர் போர், 128 ஸ்ட்ரோக், 5.675 லிட்டர், மெர்சிடிஸ் ஓ.எம். 352-இன் அதே அளவு. தாங்கும் எஞ்சின்தான். ஆனால் டர்போ இல்லாத வடிவத்தில் உச்சமே 130 பக்கம், தொடர்ந்து எடுக்கக்கூடியது 85. உங்கள் படகுக்கு இழுவையில் போதாது. இதைவிடச் சிறிய, மடி இழுக்காத படகுக்கு நல்லது. பி.எஸ். 4, பி.எஸ். 6 (புகை விதிகளின் பிந்தைய கட்டங்கள்) லாரிகளிலிருந்து வரும், கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் எஞ்சின்களை, எவ்வளவு புதிதாக இருந்தாலும், தொடாதீர்கள். பத்துக்கும் மேற்பட்ட சென்சார்களில் ஒன்று உப்புக்காற்றில் பச்சை பிடித்தால் கம்ப்யூட்டர் எஞ்சினை ஐட்லிங்குக்கு இறக்கிவிடும். கரையில் அது தொல்லை. 30 கடல்மைல் வெளியே வாடைக்காற்றில் உயிர் விஷயம்.

கழற்றிய 5.9-ஐப் பார்க்கப் போனால் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு ஆயில் மூடியைத் தலைகீழாக வாயின் மேல் சும்மா வையுங்கள். துள்ளி விழுந்தால் பிளோ-பை (பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயு) அதிகம். இந்த பிளாக்கில் லைனர் கிடையாது. பிஸ்டன் நேராக பிளாக் போரிலேயே ஓடுகிறது. தேய்ந்திருந்தால் லைனரைத் தட்டி மாற்றுவதுபோல் படகில் வைத்து முடியாது, லேத்துக்கு முழு பிளாக்கும் போக வேண்டும். இன்னொன்று, டைமிங் கேஸைப் பொருத்தும் சின்ன டவல் பின் அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே வந்து கியர்ப் பற்களுக்கு நடுவில் விழும் வியாதி இந்த வரிசையின் பழைய எஞ்சின்களில் உண்டு. விழுந்தால் டைமிங் கேஸ் உடையும், சில சமயம் கேம்ஷாஃப்ட்டும் போகும். முன் மூடியைத் திறந்து, பின்னை உள்ளே தட்டி, பக்கத்து போல்ட்டுக்குக் கீழே ஒரு தகட்டுத் துண்டை வைத்து அதன் வாயை அடைத்துவிட்டால் முடிந்தது. எஞ்சின் கரையில் இருக்கும்போது அரை நாள் வேலை.

ரசீது, எஞ்சின் எண், எந்த வண்டியில் இருந்து கழற்றியது என்ற காகிதம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் மாற்றத்தையும் எச்.பி.யையும் மீன்வளத் துறையில் படகுப் பதிவில் ஏற்ற வேண்டும். காகிதமும் எஞ்சினும் ஒத்துப்போகாவிட்டால் தடைக்கால ஆய்வில் சிக்கல், மானிய டீசலிலும் சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்தான் கையில் இருக்கிறது. கியரும் கூலரும் பெல் ஹவுசிங்கும் கைக்கு வந்த பிறகுதான் பழைய எஞ்சினைத் தூக்குங்கள்.

கப்ளிங் அலைன்மெண்டைக் கரையிலேயே முடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மர உடம்பு தண்ணீரில் இறங்கினால் வடிவம் கொஞ்சம் மாறும். இறக்கி இரண்டு நாள் கழித்து, டாங்கியில் பாதி டீசலோடு, கப்ளிங் போல்ட்டைக் கழற்றி மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜ் வையுங்கள். நான்குக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிறகு ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பி மறுபடி. இடைவெளி ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாஃப்ட்டோ கப்ளிங்கோ வளைந்திருக்கிறது, எஞ்சினை எவ்வளவு தள்ளினாலும் சரியாகாது.

சோதனை ஓட்டத்தில் முதலில் மடி இல்லாமல் முழுத் திராட்டில்: 2400-ஐத் தொட்டு கவர்னர் பிடிக்க வேண்டும். பிறகு மடியோடு முழுத் திராட்டில்: 2150-க்குக் கீழே இறங்கினால் பிட்ச்சைக் குறைக்க வேண்டும். தினசரி இழுவையை 1900 முதல் 2000-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆயிலும் ஃபில்டரும் 50 மணி நேரத்தில் மாறட்டும், அன்றைக்கே டாப்பெட் இடைவெளியும் மவுண்டிங் போல்ட்டும் பார்த்துவிடுங்கள்.